தீனிப்பை நிறைந்தும் தீராத பசி

ஓர் உயிரை அடைத்து வளர்ப்பவர் அதற்கு உணவிடக் கடமைப்பட்டவர் என்பதைச் சமய மரபுகள் பலவும் ஏற்கின்றன. ஆயினும் அக்கடமை எங்கே நிறைவேறுகிறது, தீவனத்தை முன்னே வைத்ததும் முடிந்துவிடுகிறதா, அவ்வுயிரின் உடலில் அது ஊட்டமாகச் சேரும்வரை தொடர்கிறதா என்ற வினா அரிதாகவே கேட்கப்படுகிறது. ஆலையில் கழியும் தவிட்டையும் குருணையையும் நாட்டுக்கோழிக்குத் தீவனமாக்கி, அவற்றோடு நொதிகளையும் கலக்கும் இன்றைய வழக்கம் இவ்வினாவைத் தவிர்க்க முடியாததாக்குகிறது. நொதி என்பது உணவின் பெரிய மூலக்கூறுகளை உடல் ஏற்கும் சிறு கூறுகளாகப் பிரிக்கும் புரதப்பொருள்; கோழியின் உடலில் சுரக்காத அல்லது போதாமல் சுரக்கும் சில நொதிகளைப் பூஞ்சைகள் முதலிய நுண்ணுயிர்களிலிருந்து எடுத்துத் தீவனத்தில் சேர்க்கிறார்கள்.

உமாசுவாதி இயற்றிய தத்துவார்த்த சூத்திரம், கொல்லாமை நோன்பில் இல்லறத்தார்க்கு நேரக்கூடிய வழுவல்கள் ஐந்தைக் கூறுகிறது. அதிசாரம் என்று சமணர் வழங்கும் அவ்வழுவல்கள் கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்காத பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன. அடியும் வெட்டும் வன்முறை என்பதை எவரும் ஒப்புவர்; கையை ஓங்காமலே, இடவேண்டியதை இடாது விடுவதும் அவற்றோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பதுதான் இப்பட்டியலின் ஆழம். முதலாவதான கட்டிவைத்தலுக்கும் இறுதியான உணவு தடுத்தலுக்கும் உள்ள உறவும் கருதத்தக்கது. தன் இரையைத் தானே தேடும் உயிரை அடைத்தவர்தான் அதன் உணவைத் தடுக்கும் ஆற்றலைப் பெறுகிறார். இறைச்சிக்காகக் கோழி வளர்ப்பதைச் சமணம் ஏற்காது என்பதால் இச்சூத்திரம் அத்தொழிலுக்கு அளித்த அனுமதி ஆகாது. எனினும் உணவு தடுத்தல் வன்முறையே என்ற அதன் தீர்ப்பு, அத்தொழிலில் இருப்பவரையும் விட்டுவிடுவதில்லை.

கோழி மனிதனிடம் வந்த வழியே தானியத்தின் வழிதான் என்று கருத இடமுண்டு. வளர்ப்புக்கோழியின் மிகத் தொன்மையான உறுதிவாய்ந்த எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில், கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தவையாகக் கிடைத்துள்ளன என்றும், நெல்லும் தினையும் விளைந்த நிலங்களே காட்டுக்கோழியை மனிதக் குடியிருப்புக்கு ஈர்த்திருக்கக்கூடும் என்றும் 2022இல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது. அன்று முதல் களத்தில் சிந்திய மணியோடு புழுவையும் கறையானையும் பசுந்தழையையும் தானே கிளறித் தின்ற கோழி, தவிட்டில் இல்லாததை வேறிடத்தில் தேடிக்கொண்டது. கம்பிவலைக்குள் அது அடைக்கப்பட்டதும் அத்தேட்டம் நின்றுவிடுகிறது; கோழி தானாகக் கண்டெடுத்ததையெல்லாம் இனி வளர்ப்பவரே ஈடுசெய்தாக வேண்டும்.

அவ்வாறு ஈடுசெய்யத் தவிடு மட்டும் போதாமைக்குக் காரணம், தவிட்டில் சத்து இல்லை என்பதன்று. சத்து பூட்டப்பட்டிருக்கிறது என்பதே. எலும்புக்கு வேண்டிய பாஸ்பரஸ் தவிட்டில் மிகுதியாக இருந்தும், அதன் பெரும்பகுதி பைட்டிக் அமிலம் என்னும் சேர்மத்தில் பிணைந்திருக்கிறது. அப்பிணைப்பை அறுக்கும் பைட்டேஸ் என்ற நொதி கோழியின் குடலில் மிகச் சிறிதளவே சுரப்பதால், தின்றதில் பெரும்பங்கு எச்சத்தோடு வெளியேறிவிடும். அதே அமிலம் துத்தநாகம் முதலிய தாதுக்களையும் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். தவிட்டின் செல்சுவர்களில் உள்ள அராபினோசைலன் என்னும் நார்ப்பொருளையும் கோழியின் சொந்த நொதிகளால் உடைக்க இயலாது. சைலனேஸ் என்ற நொதி அச்சுவரைப் பிளந்தால்தான் உள்ளே அடைபட்ட மாவும் புரதமும் எளிதில் கிட்டும். கழுத்தடியிலுள்ள தீனிப்பை நிறைந்தும் காலெலும்பு மெலியும் கோழியை உணவு தடுக்கப்பட்ட உயிர் என்று கொள்வதே நேர்மை.

தவிடு கழிவுதானே, கழிவை இடுவது உணவிடுதல் ஆகுமா என்ற தடையும் எழும். பால் வற்றி, இனிப் புல் மேயவும் இயலாத பசுக்களைத் தந்தை தானம் செய்வதைக் கண்டு நசிகேதன் கலங்கியதாகக் கடோபநிடதம் தொடங்குகிறது. தனக்கு உதவாததைப் பிறர்க்கு ஈவது ஈகை ஆகாது என்பது அங்குள்ள கருத்து. ஆனால் தவிட்டை உதவாதது என ஒதுக்கியது மனிதனின் நாவே என்பதற்கு வரலாற்றில் ஓர் அரிய சான்று உண்டு, அதைக் காட்டியதும் கோழியே. டச்சு ஆட்சியில் இருந்த பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், நரம்புகளைத் தாக்கி உயிரைப் பறித்த பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்த கிறிஸ்டியான் எய்க்மான் என்ற மருத்துவர், 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் ஆய்வகக் கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும் பின்னர் தாமே தேறுவதையும் கண்டார். இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு இடப்பட்டபோது அவை நோயுற்றன. புதிய சமையற்காரர் அச்சோற்றைத் தர மறுத்ததால் தவிடு நீங்காத அரிசிக்கு மாறியதும் நலமடைந்தன. தவிட்டில் இன்றியமையாத ஒரு சத்து இருப்பதையும் அது இல்லாமையே நோய்க்குக் காரணம் என்பதையும் அவருக்குப் பின் வந்த ஹெரிட் ஃகிரைன்ஸ் 1901இல் தெளிவுபடுத்தினார். வைட்டமின் பி1 என்னும் அச்சத்து 1926இல் அதே நகரில் அரிசித் தவிட்டிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. எய்க்மான் 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். பரிசு கோழிகளுக்கு இல்லை. வேண்டுமென்றே வெள்ளரிசி ஊட்டி நோயுறச் செய்யப்பட்ட அப்பறவைகளுக்கு மனித இனம் பட்ட கடன் இன்றும் நிலுவையில்தான் உள்ளது. ஆகவே தவிடு இழிந்த உணவன்று. ஆயினும் அரைத்த சில நாட்களிலேயே தவிட்டின் எண்ணெய் சிக்கடித்துவிடும். அவ்வாறு கெட்டதையும் பூஞ்சை படர்ந்ததையும் மலிவு கருதி இடுபவர், நசிகேதனின் தந்தை செய்த பிழையையே செய்கிறார்.

நொதி சேர்ப்பது யாருடைய நலத்துக்காக என்பது இதனினும் கடினமான வினா. பைட்டேஸ் 1991இல் நெதர்லாந்தில் விற்பனைக்கு வந்தபோது, கால்நடை எச்சத்தின் பாஸ்பரஸ் மண்ணையும் நீரையும் கெடுப்பதைக் குறைப்பதே அதற்குக் கிடைத்த வரவேற்பின் முதற் காரணம். தீவனச் செலவு குறைவது பின்னர் வலுத்த காரணம். பறவையின் நலம் எண்ணத்தில் இல்லாதபோதும் விளைவில் இருந்தது. எண்ணம் கலப்புற்றிருப்பதால் மட்டுமே ஒரு செயலைப் பழிப்பது முறையன்று. ஆனால் நொதி கிடைத்துவிட்டது என்பதற்காகத் தானியத்தைக் குறைத்துத் தவிட்டையும் உமியையும் பறவை தாங்கும் எல்லைவரை ஏற்றுவது தாங்காத பாரம் ஏற்றுதலுக்கு ஒப்பாகும். மெல்ல வளரும் சிறுவிடை, அசில் முதலிய நாட்டுக்கோழி இனங்களுக்கு, ஆறு வாரத்தில் எடை கூட்டும் பிராய்லருக்கென வகுத்த அளவை ஆராயாமல் பொருத்துவதும் கவனக்குறைவே. எடைத்தராசைவிட அவற்றின் காலும் இறகும் நடையுமே நல்ல சாட்சிகள்.

இவ்வளவு செய்தபின்னும் கொலை பற்றிய வினா அப்படியே நிற்கிறது. நன்றாக ஊட்டியதால் அறுக்கும் உரிமை கிடைத்துவிட்டது என்பதும், எப்படியும் அறுக்கப்போவதால் ஊட்டம் பற்றிய கவலை வேண்டாம் என்பதும் இருவேறு கணக்குகளை ஒன்றாகக் குழப்பும் வாதங்களே. கோழியை அறுக்கலாமா என்பதில் சமயங்கள் இன்னும் உடன்படவில்லை. அறுக்கும் நாள்வரை அதன் உடல் ஏற்கும் உணவைத் தர மறுப்பதற்கு எந்த அறமும் துணை நிற்காது.