மணிக்கட்டில் ஒரு நிறம்

அக்கா மகன் பாளையங்கோட்டையில் பத்தாவது படிக்கிறான். அவன் பிஜிஎம்ஐ ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். களத்தில் இறங்குவதற்கு முன் லாபியில் தன் ஆளை நிறுத்தி, சட்டை மாற்றி, முகமூடி மாற்றி, மறுபடி சட்டை மாற்றி, கால் மணி நேரம் போக்குவான். "ஏல, சண்டைக்குப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சும்மா இருங்க மாமா. டிஃபால்ட் டிரஸ்ல போனா நம்மள பாட்னு நெனச்சிருவானுவ."

பாட் என்றால் ஆளில்லாமல் கணினியே ஆட்டிவைக்கும் பொம்மை. அதாவது, உடை சரியில்லாதவன் மனுசனே இல்லை.

இந்த விளையாட்டுக்குள் ஒரு விசித்திரமான நியாயம் இருக்கிறது. விமானத்திலிருந்து குதிக்கும்போது எல்லார் கையும் காலி. துப்பாக்கி, வெஸ்ட், பை எல்லாம் தரையில் பொறுக்க வேண்டியவை. லெவல் த்ரீ ஹெல்மெட் பணக்கார வீட்டுப் பையனுக்கும் கிடைக்கலாம், அடுத்த வீட்டு வைஃபையில் ஆடுகிறவனுக்கும் கிடைக்கலாம். ஆட்டம் முடிந்தால் அதுவும் போச்சு. காசு கொடுத்து வாங்கிய உடையும், துப்பாக்கிமேல் பூசிய நிறமும் மட்டும்தான் அடுத்த ஆட்டத்துக்கும் கூடவே வரும். அந்த உடை ஒரு தோட்டாவைக்கூடத் தடுக்காது. பலத்தை விற்கவில்லை, வெறும் தோற்றத்தைத்தானே விற்கிறோம், இதில் என்ன அநீதி என்று இதற்கு ஒரு வாதம் உண்டு. ரொம்ப நாள் நானும் அதை ஒப்புக்கொண்டிருந்தேன்.

ஆனால் 'வெறும் தோற்றம்' என்ற சொல்லைத் திருநெல்வேலியில் இருந்துகொண்டு அவ்வளவு லேசாகச் சொல்ல முடியவில்லை. மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டுகிறார்கள், அப்படிப்பட்ட பள்ளிகளைக் கண்டறிந்து தடுக்க வேண்டும் என்று 2019-இல் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவன் பள்ளியில் படித்த பையன்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றுக்குத் தடை வேண்டும் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது.

ஒரு முழக் கயிற்றுக்கு என்ன பலம் இருக்கிறது? இழுத்தால் அறுந்துவிடும். அதுவும் ஒரு தோட்டாவைத் தடுக்காது. பார்க்கிறவன் கண்ணில்தான் அதன் பலம் முழுக்க இருக்கிறது. ஸ்கின்னும் அப்படித்தான்.

ரெண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஸ்கின்னால் யாரும் வெட்டுப்படுவதில்லை. லாபியில் என் மருமகன் சிவப்பு கோட்டு எடுத்துப் போட்டால், அவனுக்குச் சிவப்பு பிடிக்கிறது, அவ்வளவுதான். இந்த ஜில்லாவில் ஒரு பையன் ஒரு நிறத்தைச் சும்மா பிடித்ததற்காகப் போட்டுக்கொள்வது சின்ன விஷயமில்லை. மைக்கை ஆன் பண்ணினால்தான் வம்பு. "எந்த ஊரு?" என்பான் ஒருத்தன். திருநெல்வேலி என்றால், "அங்க எங்க?" என்பான். அடுத்த கேள்வி தெருவைப் பற்றி இருக்கும். நம்மாட்கள் எதற்காகத் தெருப் பெயர் கேட்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. "ஜங்ஷன்"னு சொல்லிட்டு மைக்கை அணைத்துவிடுவான் இவன்.

தோற்றம் மாற்றுவதற்கு இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலுக்குத் தெற்கே, திருச்செந்தூரையும் தாண்டினால் குலசேகரன்பட்டினம். 1986 வரை எல்லாம் ஒரே ஜில்லா. முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் வேஷம் போடுவார்கள். காளி, குறவன், குறத்தி, போலீஸ், கரடி, குரங்கு, பிச்சைக்காரர். எந்த விளையாட்டின் கடையிலும் இவ்வளவு ரகம் நான் பார்த்ததில்லை. கிரீடம், சடை, சூலம், முதுகில் கட்டும் கூடுதல் கைகள் என்று காளிக்கு ஆகும் செலவும் கொஞ்சமில்லை. ஆனால் வேஷம் காசோடு விடாது. விரதம் இருக்கச் சொல்லும். சொந்தக் கடை வைத்திருப்பவரைத் தட்டேந்தித் தெருத்தெருவாக நடக்கவிடும். வாங்கிய காசு அம்மன் உண்டியலுக்கு. சூரசம்ஹாரம் முடிந்தால் காப்பை அவிழ்த்துவிட்டு, குரங்கு மறுபடி மெக்கானிக்காக வேலைக்குப் போகும்.

அங்கேயும் சாதிக் கொடி, சாதி ரிப்பன் கொண்டுவரக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் அறிவிக்க வேண்டியிருக்கிறது என்பது தனிக்கதை. அம்மன் முன்னால் குரங்காக நிற்கிறவனுக்கும் கையில் ஒரு நிறம் வேண்டியிருக்கிறது.

போன வருசம் மருமகனும் குரங்கு வேஷம் போட்டான். காப்பு அவிழ்த்த மறுவாரம் அவன் பென்சில் பெட்டியில் வேறொரு கயிறு கிடந்தது.

"ஸ்கூலுக்குள்ள போட விட மாட்டாங்க மாமா. வெளிய வந்ததும் கட்டிக்கிடுவோம்."

"எதுக்குல?"

"கட்டலன்னா கூட சேக்க மாட்டானுவ."

டிஃபால்ட் டிரஸ்ஸைப் பற்றிச் சொன்னானே, அதே குரல். அதே அலுப்பு. தூக்கிப் போடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என் பைக்கின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் உண்டு. வண்டி வாங்கிய அன்றைக்கு அவன் அப்பா ஒட்டியது, நாலு வருசமாச்சு. அதில் இருப்பதும் அதே ரெண்டு நிறம்தான்.