முதலாளி அறியாத பொய்

வியாபாரத்தில் பொய் கூடாது என்பதை நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல ஒரு கட்டுரை தேவையில்லை. மதரஸாவில் ஓதும் சிறுவனும் அதை அறிவான். ஆனால் பொய்யைச் சொல்லும் வாய் ஒருவருடையதாகவும், அதன் லாபம் விழும் கல்லாப்பெட்டி மற்றொருவருடையதாகவும் இருந்தால், அது யார் பேரில் எழுதப்படும்? சென்ற ரமலானில் துபாய் நகரத்தில், தராவீஹ் தொழுகைக்குப் பின் ஒரு தேநீர்க் கடை வாசலில் அமர்ந்திருந்தபோது இந்தக் கேள்வி நமக்கு எழுந்தது. இன்றளவும் அது நம்மை விட்டபாடில்லை. ஆகவே வியாபாரப் பெருமக்களாகிய வாசகர்கள் முன் அதை வைக்கத் துணிகிறோம்.

உம்ரா முடித்துச் சிங்கப்பூர் திரும்பும் வழியில், தேராவில் குடியிருக்கும் நம் சகோதரி மகன் வீட்டில் பெருநாள் வரை தங்கினோம். துபாயைப் பற்றி வாசகர்கள் நிரம்பக் கேள்விப்பட்டிருப்பார்கள். அங்குள்ள உயரமான கட்டிடங்களை வர்ணித்து இடத்தை நிரப்ப நமக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். 1968-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அந்த ஊரில் இருந்தவர்கள் ஏறத்தாழ 59,000 பேர். 1975-இல் அது 1,83,000 ஆயிற்று. 2023 முடியும்போது 36 லட்சத்தையும் தாண்டிவிட்டது. முத்துக் குளித்தும் கப்பல் சரக்கு இறக்கியும் பிழைத்த ஒரு கடற்கழித் துறை, ஒரு மனிதரின் ஆயுட்காலத்துக்குள் இவ்வாறு ஆகியிருக்கிறது. வந்து குடியேறியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆண்கள். அப்படியிருந்தும், பெண்களுக்கான அழகு நிலையம் இல்லாத தெரு அங்கே அருமை.

கராமா, சத்வா, தேரா பகுதிகளில் மளிகைக் கடை, தையற்கடை, அழகு நிலையம் என்று அடுத்தடுத்து வருகின்றன. ஜுமைராவில் தோட்டத்துடன் கூடிய பெரிய வீடுகளிலேயே இவை நடக்கின்றன. ஆண்கள் சலூனுக்கு முழுக் கண்ணாடி. கத்தரி ஓடுவதைத் தெருவில் நின்றே பார்க்கலாம். பெண்கள் நிலையத்தின் கண்ணாடியோ மறைக்கப்பட்டிருக்கும், கதவுக்குப் பின்னால் திரையும் உண்டு. ஆண்கள் உள்ளே நுழையலாகாது. இந்த விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கேள்வி முழுதும் அந்தத் திரையைச் சுற்றியே வருகிறது.

அழகு நிலையம் என்றதும் வீண் ஆடம்பரம் என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மில் உண்டு. நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகத்தான் துபாய் போய் இறங்கினோம். பெருநாள் இரவு நம் மனைவியாரும் மருமகளும் பேத்திகளும் மருதாணி இடப் போனவர்கள், இரவு ஒரு மணிக்குத்தான் திரும்பினார்கள். அங்கே வரிசையில் இருந்தவர்களைப் பற்றி அவர்கள் சொன்னதைக் கேட்ட பிறகு நம் சுளிப்புச் சற்றுத் தளர்ந்தது. ஆஸ்பத்திரி வேலை முடித்து நேராக வந்த நர்ஸ், தலையும் நகமும் ஒழுங்காக இல்லாவிட்டால் மேலதிகாரி கடிந்துகொள்ளும் ஹோட்டல் சிப்பந்தி, கைக்குழந்தையோடு வந்த தாய் என்று பலதரப்பட்டவர்கள். ஊரில் ராத்தாவும் சாச்சியும் செய்துவிடும் வேலை, உறவில்லாத ஊரில் கூலிக்குக் கிடைக்கிறது. ஒரு மணி நேரம் பிறர் கையில் தலையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதற்காகவே வருகிறவர்களும் உண்டாம். அதை வீண் என்று நாம் சொல்ல மாட்டோம். புருவத்தை நூலிட்டு எடுப்பது போன்ற விஷயங்களில் ஆலிம்கள் கூறியவை உண்டு. அவற்றை அவர்களிடமே விட்டுவிடுவோம். நம் கேள்வி வியாபாரியைப் பற்றியது.

பெருநாளுக்கு நான்கைந்து நாள் முந்தி, சகோதரி மகனுக்குத் தெரிந்த ஒருவருடைய நிலையத்துக்கு நம் மனைவியார் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போயிருந்தார்கள். தேய்த்துவிட்டது பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண். சிறிது நேரம் தேய்த்தபின் அந்தப் பெண், “மேடம், உங்கள் முடியின் வேர் தளர்ந்திருக்கிறது. இந்த ஊர்த் தண்ணீரால் வருவது இது” என்று சொல்லி, ஒரு குப்பித் தைலத்தையும் ஆறு தடவை வந்து செய்துகொள்ள வேண்டிய ஒரு சிகிச்சையையும் எடுத்துரைத்திருக்கிறாள்.

“நாங்கள் இந்த ஊருக்கு வந்து நாலு நாள்தானே ஆகிறது! நாலு நாளில் தண்ணீர் என்னம்மா செய்துவிடும்?” என்று இவர்கள் கேட்க, அவளும் சிரித்துவிட்டாளாம். பிறகு குரலைத் தாழ்த்தி, “விற்றால்தான் மேடம் கமிஷன். சம்பளம் ஏஜெண்டுக் கடனுக்கே போய்விடுகிறது” என்றாளாம்.

வேலைக்குச் சேர்ப்பதற்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்கலாகாது என்று அந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிற்சட்டத்தில் அது தெளிவாகவே இருக்கிறது. சம்பளம் வங்கி வழியாகவே தரப்பட வேண்டும் என்ற ஏற்பாடு 2009-லேயே வந்துவிட்டது. ஆனால் விமானம் ஏறுமுன் சொந்த ஊரில் பட்ட கடனுக்குத் துபாய்ச் சட்டம் என்ன செய்யும்?

தண்ணீர் விஷயத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். துபாய்க் குழாயில் வருவது அநேகமாக முழுவதும் ஜபல் அலியில் கடல்நீரிலிருந்து உப்பு நீக்கிய தண்ணீர். அதனால்தான் முடி கொட்டுகிறது என்பது அந்த ஊரில் எல்லார் வாயிலும் இருக்கும் பேச்சு. வைத்தியர்களிடம் போனால் அவர்கள் முதலில் தேடுவது வேறு: இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு, அண்மையில் கண்ட கடுங்காய்ச்சல், பிரசவம், மனக்கவலை. உடலோ மனமோ பெரிதாக அதிர்ந்தபின் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிர்வதும், சில மாதங்களில் பெரும்பாலும் தானாகவே நின்று மறுபடி முளைப்பதும் வைத்தியம் அறிந்த சங்கதி. வீட்டையும் உறவையும் விட்டுப் புது நாட்டுக்கு வந்த பெண்ணுக்கு, வந்த மூன்றாம் மாதம் முடி கொட்டினால், அவள் கண்ணில் படுவது புதுத் தண்ணீர்தான். அவள் அழகு நிலையத்துக்குப் போகிறாள். ஆறு தடவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டுகிறாள். அது முடியும் காலத்தில் முடி தானே முளைத்துவிடுகிறது! தைலத்துக்குப் புகழ், நிலையத்துக்கு நன்றி, அடுத்த தடவை தோழியையும் அழைத்து வருகிறாள்.

இதில் அழுதவர் யாருமில்லை. புகார் செய்தவரும் இல்லை. அப்படியானால் இது மோசடிதானா? நம்மை முதலில் மடக்கியது இதுதான்.

அந்த நிலையத்தின் முதலாளி இராமநாதபுரம் பக்கத்து நம்மவர், ஐந்து வேளைத் தொழுகையாளி. ஒருநாள் தராவீஹ் முடிந்து நாமும் அவரும் மலையாளி தேநீர்க் கடையில் கரக் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தோம். அந்தப் பெண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. விட்டால் அவள் வேலை என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். பொதுவாகத்தான் கேட்டோம்: “உள்ளே என்ன சொல்லி விற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?”

அவர் சிரித்தார். “காக்கா, என் கடைதான், ஆனால் கடை திறந்திருக்கும்போது அதற்குள் நான் கால் வைக்க முடியாது. ராத்திரி கணக்குத் தாள் வரும். எத்தனை தலை, எத்தனை கை, எத்தனை குப்பி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பொய் சொல்லி விற்கச் சொல்லி நான் ஒரு நாளும் சொன்னதில்லை, அல்லாஹ் சாட்சி.”

அவர் சொன்னது உண்மை என்றே நம்புகிறோம். கொஞ்ச நேரம் பொறுத்து அவரே தம் கஷ்டங்களையும் சொன்னார். ஆண்டு வாடகைக்கு முன்கூட்டியே தேதியிட்ட செக்குகள், லைசென்ஸ், ஆளுக்கு ஒரு விசா, அவர்கள் தங்க இடம், 2018 முதல் 5 சதவீத வரி, 2023 முதல் லாபம் 3,75,000 திர்ஹத்தைத் தாண்டினால் 9 சதவீதம். செக் திரும்பினால் ஜெயில் என்ற நிலை 2022-இல் பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பயம் அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. “தலை கழுவிச் சீவிவிடும் காசு வாடகைக்கே சரி, காக்கா. குப்பியில்தான் மிச்சம். சும்மா சம்பளம் கொடுத்தால் எந்தப் பிள்ளை குப்பி விற்கும்? அதனால்தான் கமிஷன்.”

நாம் ஒன்றும் பதில் சொல்லவில்லை. சொல்ல நமக்கு என்ன தகுதி? சிராங்கூன் சாலையில் துணிக்கடைப் பலகையில் உட்கார்ந்து, “இந்த நிறம் உங்களுக்கென்றே நெய்தது” என்று நாம் சொல்லாத நாளுண்டா? இதைத்தான் விமானத்தில் முழு இரவும் புரட்டிக்கொண்டு வந்தோம். துணி வியாபாரியின் புகழ்ச்சியும் தைலக்காரியின் சொல்லும் ஒன்றுதானா?

ஒன்றல்ல என்பதே நம் அபிப்பிராயம். துணியை வாங்குபவர் விரலால் தடவிப் பார்க்கலாம். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிறம் பார்க்கலாம். நாம் புகழ்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியும். அதில் பாதியைத் தள்ளிவிட்டே கேட்கிறார். தன் தலையின் உச்சியை யார் பார்க்க முடியும்? தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டு ஈரத்தைக் கண்டு, மேலே வைத்து விற்கச் சொல்லிக் கண்டித்த வரலாறு நாம் அனைவரும் அறிந்ததே. அங்கே குறை சரக்கில் இருந்தது. கை விட்டால் அகப்பட்டது. இந்த வியாபாரத்தில் குறை சரக்கில் இல்லை. வாங்க வந்தவருடைய உடம்பில் குறை இருப்பதாக விற்பவர் கை வைத்துச் சொல்கிறார். வாங்குபவரால் பார்க்க முடியாத இடத்தைப் பற்றி விற்பவர் சொல்லும் சொல் புகழ்ச்சி ஆகாது, அது சாட்சியம். பொய்ச் சாட்சியத்தால் எவருக்கும் நஷ்டமில்லை என்பது சாட்சிக்கு விடுதலை தராது. ஆறு தடவைப் பணத்தை அந்தப் பெண் ஊருக்கு அனுப்பியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னிடம் இல்லாத ஒரு நோயைச் சுமந்துகொண்டு அவள் வீடு போகிறாள் அன்றோ?

இதே ரகத்தில் இன்னொன்றும் உண்டு. நீர் ஊடுருவும், உளூவுக்குத் தடையில்லை என்று சொல்லி முஸ்லிம் பெண்களுக்கு விற்கும் நகப்பூச்சு. நீர் நகத்தைத் தொடுகிறதா என்பதை வாங்குபவள் எப்படிக் காண்பாள்? விற்பவளின் சொல்லை நம்பி அவள் தொழுகிறாள்.

சட்டம் இதற்கு உதவாதா என்று கேட்கலாம். சிலவற்றுக்கு உதவும். மருதாணி கருகருவென்று உடனே பிடிக்க முடிச்சாய ரசாயனத்தைக் கலப்பார்கள், தோல் கொப்புளித்துவிடும். அதைத் துபாய் நகராட்சி தடை செய்திருக்கிறது, பரிசோதகர்களும் வருகிறார்கள். குப்பியில் கலந்ததைச் சோதனைச் சாலை கண்டுபிடிக்கும், ஆனால் காதோரம் சொன்ன வார்த்தையைப் பிடிக்க எந்தச் சோதனைச் சாலையாலும் ஆகாது. நம் சிங்கப்பூரிலும் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகும் புகார்களில் அழகு நிலையங்களுக்குப் பல ஆண்டுகளாக முக்கிய இடம் உண்டு. முன்பணம் வாங்குவதும் நெருக்கி விற்பதும்தான் காரணம்.

நிற்க. கணக்கு யார் பேரில் என்ற கேள்விக்கு வருவோம். அந்தப் பெண்ணின் பேரில் ஒன்றும் இல்லை என்று நாம் சொல்லத் துணிய மாட்டோம், வாய் அவளுடையதுதான். ஆனால் அவளுடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். உண்மை சொன்னால் அன்றைய கமிஷன் போயிற்று. தொடர்ந்து உண்மையே சொல்லி வந்தால் விசா புதுப்பிக்கும் நாளில் அவள் பேர் கடைசியில் நிற்கும். பொய்க்கு விலை வைத்து, உண்மைக்கு அபராதம் வைத்து, அதற்குப் பிறகு திரைக்கு வெளியே நின்று “நான் சொல்லவில்லை” என்கிறவரை என்னவென்று சொல்வது? அவருக்குத் தெரியாது என்பது மெய். தெரியாதிருப்பதில் அவருக்கு லாபம் இருக்கிறது என்பதும் மெய். உள்ளே நுழையக் கூடாது என்ற விதி ஆண்களுக்குத்தான். தம் மனைவியையோ சகோதரியையோ ஒருநாள் வாடிக்கைக்காரர் போல் அனுப்பி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவர அவரால் முடியும். அவர் அனுப்பியதில்லை. நாமாயிருந்தால் அனுப்பியிருப்போமா? நம் கடையில், நாம் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் பலகையில் நிற்கும் பையன் என்ன சொல்லி விற்கிறான் என்று நாம் கேட்டதுண்டா?

ஊர் வந்து சேர்ந்தபின் இதையெல்லாம் சுருக்கி அவருக்கு ஒரு கடிதமாக எழுதினோம். குப்பிக்குக் கமிஷன் வைப்பதை விட்டு, செய்துவிட்ட தலைக்குக் கமிஷன் வையுங்கள்; குறையைச் சொல்லும் வாய்க்கு மருந்தில் பங்கு வேண்டாம் என்பதே அதன் சாரம். நல்ல யோசனை சொன்னோம் என்று நமக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

துல்ஹஜ் பிறை பிறந்த வாரம் வாட்சப்பில் அவர் குரல் வந்தது. நாம் எழுதியபடியே மாற்றிவிட்டாராம். பிள்ளைகள் முகம் தெளிந்திருக்கிறது என்று அவர் மனைவி சொன்னாராம். குப்பி விற்பனை பாதிக்கும் கீழே போய்விட்டதாம். “அடுத்த செக்கு முஹர்ரத்தில் வருகிறது, காக்கா. அதற்கும் ஒரு வழி எழுதுங்கள்” என்றார். குரலில் கோபம் இல்லை.

நாம் இன்னும் பதில் எழுதவில்லை. அந்த நிலையத்தில் பங்காக ஒரு சிறு தொகை போடலாமா என்று மனைவியாரிடம் கேட்டிருக்கிறோம். முதலில் உள்ளே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்கிறார்கள்.