அன்பும் உடைமையும்

அழகிய பொருளைக் கண்டவுடன் அதனைத் தனதாக்கிக்கொள்ள விழைவது மனித இயல்பு. அவ்விழைவு அன்பாகுமா?

சபா மாநிலத்தின் மாபுல் தீவை அடுத்த பவளப்பாறைகளில் மாண்டரின் மீன் வாழ்கிறது. விரல் நீளமே உடைய அதன் மேனியில் நீலமும் செம்மஞ்சளும் நெளிகோடுகளாய் ஓடுகின்றன. சீனப் பேரரசின் அதிகாரிகள் அணிந்த பட்டாடையை ஒத்திருப்பதால் அது இப்பெயர் பெற்றது. பெரும்பாலான விலங்குகளில் நீலம் ஒளிச்சிதறலால் தோன்றுவது. இம்மீனிலோ அது உண்மையான நிறமி. பகலில் உடைந்த பவளக் குவியல்களினூடே ஒதுங்கித் திரிந்து, நுண்ணிய சிற்றுயிர்களை ஓயாது கொத்தித் தின்னும். அந்தி மயங்கும் வேளையில் ஆணும் பெண்ணும் இணைந்து மேலெழுந்து, முட்டைகளை நீரில் விட்டுப் பிரியும்.

இவ்வழகில் மயங்கியோர் அதனைக் கண்ணாடித் தொட்டியில் இடுகின்றனர். தொட்டியிலேயே பிறந்த குஞ்சுகள் தூவும் உணவை ஏற்கப் பழகுவதுண்டு. கடலிலிருந்து பிடித்து வரப்பட்டவற்றுள் பல, அதனை உணவென்றே அறிவதில்லை. தொட்டியிலுள்ள சிற்றுயிர்கள் தீர்ந்ததும் அவை மெல்ல மெலிந்து மடிகின்றன. வளர்த்தவர் கொடியவர் அல்லர். நாள் தவறாது உணவிட்டவரே. எனினும் மீன் பசியால் இறந்தது.

ஆதலின், அன்பை விரும்புவோரின் நெஞ்சத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. விரும்பப்பட்ட உயிருக்கு அதனால் நேர்ந்தது யாது என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்தியில் பாறையருகே காத்திருந்து கண்டு மீள்பவன் வெறுங்கையனாகவே கரையேறுகிறான். மீனோ, மறுநாள் அந்தியிலும் தன் துணையோடு மேலெழும்.