காது எங்கே போயிற்று?

ஒரு முகத்தில் ஒற்றைக் கண்ணை மட்டும் தெளிய வைத்து, மீதியைக் கரைத்துவிடுகிற புகைப்படம் பொய் சொல்கிறதா? வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன் நான். பொய்யாமை எங்கள் இல்லறத்தாருக்குரிய ஐந்து விரதங்களில் ஒன்று. ஆகவே இதை ரசனையைப் பொறுத்த விஷயம் என்று தள்ளிவைக்க என்னால் முடியவில்லை.

என்னிடம் இருப்பது ஷென்ஷெனில் தயாராகும் டிடிஆர்ட்டிசன் 50 மி.மீ. எஃப்/0.95 லென்ஸ். ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள மிரர்லெஸ் கேமராவில் மாட்டியிருக்கிறேன். 2008இல் லைக்கா வெளியிட்ட நாக்டிலக்ஸுக்கும் இதே 50, இதே 0.95. அது பெரிய சென்சாரை நிரப்பும், இது நிரப்பாது. வைட் ஓப்பனில் எடுத்தால் விளிம்புகளில் ஊதா நிறம் கசியும். ஆனால் நாக்டிலக்ஸ் விலையில் முப்பதில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. பொருளுக்கு வரையறை வைத்துக்கொள்வதும் ஐந்து விரதங்களில் ஒன்று என்பதால் எனக்கு இதுவே நிறைவு. ஆட்டோஃபோகஸ் கிடையாது. கேமராவோடு மின்தொடர்பும் இல்லாததால், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கலாம் என்று மெனுவில் அனுமதி கொடுத்தால்தான் படமே எடுக்கும்.

ஐம்பதை 0.95ஆல் வகுத்தால் ஏறத்தாழ 52.6 மி.மீ. அவ்வளவு அகலத் திறப்பு. கேமராவோடு தருகிற ஜூம் லென்ஸை 50 மி.மீ.க்கு இழுத்தால் பெரும்பாலும் எஃப்/5.6 கிடைக்கும், அதைவிடச் சுமார் 35 மடங்கு வெளிச்சத்தை இது உள்ளே விடுகிறது. அதற்கு ஈடாக எடுத்துக்கொள்வது ஆழத்தை. ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான் தெளிவு.

இவ்வளவு வெளிச்சம் எனக்கு எதற்கு என்பதற்கும் காரணம் வீட்டிலேயே இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத வீடு எங்களுடையது. விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழும், சுடரில் கருகும். ஐப்பசி மழை விட்டு ஈசல் கிளம்பும் மாலைகளில் அத்தை திரியைத் தணித்து, விளக்கைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துவிடுவார். அந்த வேளையில் எல்இடி பேனலை நிறுத்திவைத்துப் படமெடுக்க எனக்கு மனம் வராது. இருக்கிற ஒற்றைச் சுடரே போதும் என்கிற லென்ஸ் வேண்டியிருந்தது.

அப்படி எடுத்த ஒரு படத்தை அச்சிட்டு அத்தையிடம் கொடுத்தேன். இடக்கண்ணின் இமைமயிர்கள் தனித்தனியாகத் தெரிந்தன. தோடு போட்ட காது புகைபோல இருந்தது.

“காது எங்கேப்பா போச்சு?”

“அங்கதான் அத்தை இருக்கு. மங்கலா இருக்கு.”

“மங்கலா இருக்குன்னு நீ சொல்றே. படம் என்ன சொல்லுது? காது இருக்குங்குதா, இல்லைங்குதா?”

நீலகேசி என்ற சமணத் தருக்க நூலை உரையோடு வாசிக்கிறவர் அத்தை. எதைக் கேட்கிறோம் என்று தெரிந்துதான் கேட்டார்.

எங்கள் தருக்கத்தில் நயம் என்று ஒன்று உண்டு. ஒரு பொருளுக்கு எண்ணற்ற தன்மைகள் உண்டு. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றவற்றை மறுக்காமல் பார்க்கிற பார்வை நயம். அதே பார்வை மற்றவற்றை மறுக்கத் தொடங்கினால் அது துர்நயம். குஜராத்தில் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹேமசந்திரர் இந்த வேறுபாட்டை மூன்று படிகளாக வைத்தார். ‘இதுவே உண்டு’ என்பது துர்நயம். ‘இது உண்டு’ என்பது நயம். ‘ஒருவகையால் இது உண்டு’ என்பது முழு அளவை. ஒன்றரை சென்டிமீட்டரை மட்டும் தெளிய வைத்த படம் இந்த மூன்றில் எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான் அத்தை கேட்டது.

கண்ணுக்கும் காதுக்கும் நடுவே படத்தில் வெட்டு எதுவும் இல்லை. இமையிலிருந்து பொட்டுக்கு, பொட்டிலிருந்து காதுக்கு, காதிலிருந்து சுவருக்குத் தெளிவு படிப்படியாகக் குறைந்துகொண்டே போகிறது. காதிலிருந்து புறப்பட்ட ஒளியும் சென்சாருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு புள்ளியில் கூடாமல் பரந்து விழுந்திருக்கிறது, அவ்வளவே. கைப்பேசியின் போர்ட்ரெய்ட் மோடு வேறு வகை. அது தூரத்தைக் கணக்கிட்டு, இது ஆள், இது பின்னணி என்று முதலில் பிரித்துக்கொள்கிறது. பிரித்ததன்மேல் மங்கலைப் பூசுகிறது. நெற்றியோரத்து முடிக்கற்றை பாதியில் அறுந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டில் எனக்கு ‘இதுவே’ என்ற ஒலி கேட்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியம். பின்னால் தூரத்தில் எரிகிற விளக்கு படத்தில் ஒரு வெளிச்ச வட்டமாக விரியும். அந்த வட்டம் விளக்கின் வடிவம் அன்று, என் லென்ஸின் திறப்புடைய வடிவம். படத்தின் ஓரத்துக்குப் போகப் போக லென்ஸின் குழல் ஒளியை இருபுறமும் வெட்டுவதால் வட்டம் பூனைக்கண்ணாக ஒடுங்கும். ஆக, மங்கல் என்பது பார்க்கப்பட்ட பொருளின் குறை ஆகாது. பார்க்கிற கருவி தன்னுடைய அளவைத் தானே படத்தில் எழுதிவைக்கிறது. உயிரின் இயல்பு எல்லையற்ற அறிவு, அதை மூடியிருப்பது அறிவை மறைக்கும் வினை, அந்த மூடலும் அறிபவனையே சேர்ந்தது என்று சமணம் சொல்கிறது. ஞானாவரணீயம் என்ற அந்தப் பெயரைச் சிறுவயதில் மனப்பாடம் செய்தேன். அது என்ன சொல்கிறது என்று எனக்கு விளங்கியது இந்த வெளிச்ச வட்டங்களில்.

எல்லாவற்றையும் ஒருசேரத் தெளிவாகக் காட்டுவதே நேர்மை என்று கருதியவர்கள் இருந்தார்கள். 1932இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஆன்சல் ஆடம்ஸும் எட்வர்ட் வெஸ்டனும் நண்பர்களோடு சேர்ந்து மிகக் குறுகிய திறப்பைக் குறிக்கும் எஃப்/64 என்றே பெயர் வைத்து ஒரு குழு அமைத்தார்கள். அவர்கள் படங்களை நான் வணங்கத்தக்கவையாகவே பார்க்கிறேன். ஆனால் பாறையும் மலையும் காத்திருக்கும். விளக்கொளியில் உட்கார்ந்திருக்கும் முதிய பெண்ணை எஃப்/0.95இல் அறுபதில் ஒரு விநாடியில் எடுக்கிறேன் என்றால், அதே வெளிச்சத்துக்கு எஃப்/16இல் ஏறக்குறைய ஐந்து விநாடி வேண்டும். அதற்குள் அவர் மூச்சு விடுவார், கண் சிமிட்டுவார். ஆழம் கிடைக்கும், ஆள் கலைந்துவிடுவார். எல்லாப் பொருளையும் எல்லா நிலைகளிலும் ஒருங்கே அறிவது கேவல ஞானிக்கு உரியது. ஓரிடத்தில் ஒரு பொழுதில் நின்று பார்க்கிறவனுக்கு நயம்தான் உண்டு.

அந்த நயத்துக்கு யார் பொறுப்பு என்பதால்தான் கையால் திருப்பும் வளையம் எனக்குப் பெரிதாகப்படுகிறது. டிஎஸ்எல்ஆர் கேமராவின் வியூஃபைண்டர் திரை, இவ்வளவு அகலத் திறப்பின் மங்கலை உள்ளபடி காட்டாது, எஃப்/2.8 அளவுக்குத்தான் காட்டும். மிரர்லெஸ்ஸில் சென்சார் பார்ப்பதையே நானும் பார்க்கிறேன். ஃபோகஸ் பீக்கிங்கின் சிவப்புக் கோடுகளை இந்த அளவில் நம்பமுடியாது, மூக்கிலும் கண்ணிலும் சேர்ந்தே விழும். ஆகவே படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வளையத்தைச் சிறுகச் சிறுகத் திருப்புகிறேன். கண்ணைத் தேடிப்பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் கண் எங்கே என்று சொல்லிவிடும். இந்த மாலையில் இவரிடம் பார்க்கவேண்டியது கண்ணா, ஏட்டைப் பிடித்திருக்கும் விரலா என்று கேட்கவேண்டியவன் நான். படக்கோப்பில் அபெர்ச்சர் பதிவாவதில்லை. எங்கே நின்று, எவ்வளவு திறந்து பார்த்தேன் என்பதைக் குறிப்பேட்டில் நானே எழுதிவைக்கிறேன்.

இத்தனையும் சொல்லி, ஒரு தனிப்படம் பொய்யில்லை என்று அத்தைக்கு விடை சொல்லிவிடலாம். ஆல்பத்துக்கு அந்த விடை போதாது. குண்டலகேசி என்ற பௌத்த நூலை எதிர்த்து எழுந்தது நீலகேசி. குண்டலகேசி முழுதாகக் கிடைக்காமல் போயிற்று. அதைப்பற்றி இன்று தெரிந்த கொஞ்சமும் மிஞ்சியதற்கு நீலகேசியின் உரையும் ஒரு காரணம். வாதத்தில் எதிரே நின்றவரின் சொல் எங்கள் பக்கத்துப் புத்தகத்தில் மங்கலாகவாவது இருக்கிறது. திருமண ஆல்பங்களைப் புரட்டும்போது இது நினைவுக்கு வருகிறது. பக்கத்துக்குப் பக்கம் பெண்ணும் மாப்பிள்ளையும் தெளிவு. பந்தியில் பரிமாறுகிறவர்கள், பாத்திரம் துலக்குகிறவர்கள், கணவனை இழந்து ஓரமாக நிற்கும் சித்தி ஆகியோர் எல்லாப் பக்கத்திலும் கரைசல். ஒரு பக்கம் ‘இது உண்டு’ என்கிறது. நூறு பக்கமும் அதையே சொன்னால் ‘இதுவே உண்டு’ என்று ஆகிவிடுகிறது. லென்ஸ் அங்கே குற்றம் செய்யவில்லை, வளையத்தைத் திருப்பாத கைதான் செய்கிறது.

உறவுக்காரர் வீட்டுத் திருமணத்தில் மணப்பெண்ணை எடுத்த கையோடு, கேமராவை அசைக்காமல் வளையத்தை மட்டும் திருப்பி, பின்னால் வாசற்படியில் நின்ற சித்தியைத் தெளியவைத்து இன்னொன்று எடுத்தேன். அதில் பெண்ணின் முகம் ஒரு மஞ்சள் நிழல். பெண்ணின் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “என் பொண்ணு கல்யாணத்துல என் பொண்ணையே காணோமே மாப்ளே” என்றார். நியாயமான வருத்தம். நீக்கிவிடச் சொன்னார். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒட்டினால் சம்மதமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, சித்தியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.