முன்பணம் வாங்கியவர் போகலாமா?

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காமல் போவது தவறு. இதில் நம்மிடையே இரண்டு கருத்து கிடையாது. திருவள்ளூர், காஞ்சிபுரம், ராணிப்பேட்டைப் பக்கத்துச் செங்கல் சூளைகளில் கல் அறுக்கும் இருளர் குடும்பங்களிடமும் இதே எண்ணம்தான். சொல்லப்போனால் நம்மைவிட அழுத்தமாகவே இருக்கிறது. காசு வாங்கிவிட்டோமே, கழிக்காமல் எப்படிப் போவது என்று நினைக்கிறார்கள். பல சூளைகளில் சங்கிலியும் கிடையாது, பூட்டிய கேட்டும் கிடையாது. இந்த நினைப்பே போதுமானதாக இருக்கிறது. மிரட்டலும் அடியும் அதை மீறியவருக்குத்தான்.

முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிவைக்கும் இந்தக் கொத்தடிமை முறையைக் கொடுமை என்று திட்டிவிட்டு நகர்வது சுலபம். அது ஒரு நல்ல குணத்தின் மேல் நிற்கிறது என்பதுதான் சங்கடம்.

கடன் எப்படி வளர்கிறது என்று பார்க்கலாம். பிரசவம், சாவு, கல்யாணம் என்று ஏதோ ஒன்றுக்காக மேஸ்திரி மூலம் முன்பணம் கைக்கு வருகிறது. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதால் நள்ளிரவு தாண்டியதும் கணவனும் மனைவியும் அச்சோடு உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகள் காய்ந்த கல்லைத் திருப்பி வைப்பார்கள். மழையில் கரைந்த கல் கணக்கில் வராது. வாரச் செலவுக்குக் கொடுக்கும் காசு கணக்கில் ஏறும். நோட்டு ஓனர் கையில். மழைக்காலம் வந்து சூளை நிற்கும்போது பாக்கி என்று ஒரு தொகை சொல்லப்படும், அது அடுத்த பருவத்துக்குப் போகும். கூலியை நிர்ணயிப்பவரும் கணக்கு எழுதுபவரும் கடன் கொடுத்தவரும் ஒரே ஆள் என்றால், அந்தக் கடன் தீர வேண்டும் என்று யாருக்கு அவசரம்?

இது சாதாரணக் கடன்தானா என்று அறிய ஒரு சோதனை உண்டு. சொந்த ஊரில் சாவு. கணவன் போகலாம், மனைவியும் பிள்ளைகளும் சூளையிலேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் அடகில் இருப்பது உழைப்பு அல்ல, ஆட்கள். லாரி வாங்கக் கடன் தந்த வங்கி தவணை தவறினால் லாரியைத்தான் எடுத்துக்கொண்டு போகும். டிரைவரின் மனைவியைப் பிடித்து வைக்காது.

பெரிய புராணத்தில் சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்கு ஒரு முதியவர் வந்து, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. அது இறைவனின் ஆடல். சைவர்கள் அதில் நெகிழ்வது வேறு விஷயம். சபை கேட்ட கேள்வியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்து பாட்டனுடையதுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆமாம் என்று தெரிந்ததும் தீர்ப்பு முடிந்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கேள்வியையே ஒதுக்கிவிட்டது. ஓலை உண்மையானதாகவே இருக்கட்டும், பாட்டன் மனமொப்பியே எழுதியிருக்கட்டும், அது செல்லாது. கொத்தடிமைக் கடன் ஒழிந்தது. ஒழிந்த கடனுக்காகப் பணம் வாங்குபவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை. நேர்மையாளர் ஒருவர் மனசு கேட்காமல் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

தானாக விரும்பித்தானே வந்தார்கள் என்பார்கள். 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பகவதி இதற்குப் பதில் சொல்லிவிட்டார். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவரை வேலை செய்ய வைப்பது வறுமை என்றால், அந்த வறுமையும் வற்புறுத்தலே. அது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு.

ஓனர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவரும் வட்டிக்கு வாங்கித்தான் முன்பணம் தருகிறார். வாங்கிக்கொண்டு வராமல் போகிறவர்களும் உண்டு. அந்த நஷ்டம் உண்மையானது. ஆனால் பண நஷ்டத்துக்கு ஆளைப் பிடித்து வைப்பது ஈடாகாது. இரண்டில் ஒன்றுதான் தப்ப முடியும் என்றால் பணம் போகட்டும் என்று சட்டம் தெரிந்தேதான் சொன்னது. அது சரி.

சரியில்லாதது மீட்புக்குப் பிறகு நடப்பது. கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் தருகிறார். 2016 திட்டப்படி ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய்வரை மறுவாழ்வுத் தொகை உண்டு. ஆனால் முழுத் தொகை, குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகே. உடனடி உதவி முதலில் 20,000 ரூபாய்வரை என்று இருந்தது, பிறகு அது 30,000 ரூபாய்வரை என்று உயர்த்தப்பட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி பத்து மணிக்கு யாரிடம் போவது? பட்டா இல்லை, சாதிச் சான்றிதழுக்கே பலமுறை நடக்க வேண்டும், வங்கி ஏறெடுத்தும் பார்க்காது. கேட்டவுடன் கொடுப்பவர் இன்னொரு சூளைக்காரர். அந்தச் சில ஆயிரத்தை வேறு ஒருவர் கொடுக்கும் ஏற்பாடு ஊரில் இல்லாதவரை, மீட்பு என்பது சூளையை மாற்றுவதாகவே முடியும். பட்டாவும் சான்றிதழும் கைமாற்றுக் கடனும் மீட்பு வண்டிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

வீடு கட்டுகிறவர்கள் லோடு இறக்கும்போது விலை கேட்கிறோம், கல் தட்டிப் பார்க்கிறோம். சூளையில் குடும்பம் வெளியே போய்வர முடிகிறதா என்றும் கேட்கலாம். முடியாது என்று தெரிந்தால் மாவட்ட ஆட்சியருக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம். வாங்கியது கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, கொடுத்தவருடையது.