சித்திரகுப்தன் ஏட்டில் பிழை உண்டா?

தரவுத்தளங்களைச் சோதிப்பது என் தொழில். ‘செக் டேபிள்’ என்று கட்டளையிட்டால் மைஎஸ்கியூஎல், 16 கிலோபைட் பக்கங்களாக அட்டவணையைப் புரட்டும். எழுதியபோது போட்ட சரிபார்ப்புத் தொகையும் படிக்கும்போது வரும் தொகையும் ஒத்துப்போனால் ‘ஓகே’. அந்த ஓகே உண்மையா என்ற கேள்வி என்னை விட்டதேயில்லை.

எங்கள் பென்னாகரம் பக்கம் முனியப்பன் காவல் தெய்வம். தெருவுக்குத் தெரு அந்தப் பெயர். தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் ஆளைப் பிரித்துக் காட்டும். 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் என்ற நில உடைமைப் பதிவேட்டு மேம்பாட்டுப் பணியில் என் தாத்தா முனியப்பனின் மானாவாரிக் காட்டுக்கு அந்த ஓர் எழுத்து மாறிப்போனது. பின்னாளில் பதிவேடு கணினிக்கு ஏறியபோது பிழையும் பத்திரமாக ஏறியது. இன்று எந்தச் சோதனை வைத்தாலும் அந்த வரி தேறும். சர்வே எண் உண்டு, உட்பிரிவு உண்டு, பரப்பும் கூட்டினால் சரியாக வரும். சாமையும் துவரையும் விதைத்தவர் என் தாத்தா. பட்டா வேறொரு முனியப்பனுக்கு. பயிர்க்கடன் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

அருணந்தி சிவாச்சாரியார், சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் சுபக்கத்தின் முகப்பிலேயே அளவையை வைத்தார். அறியும் வழிகளைக் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (சொன்னதை ஏற்பது) என்ற மூன்றில் அடக்கினார். பதிவேடு வெறும் உரை. கணினி செய்யும் சோதனை கருதல். காண்டலுக்கு யாராவது வரப்பில் இறங்கி நடக்க வேண்டும்.

எமதூதர்கள் பெயர் மாறாட்டத்தில் வேறொருவரைக் கொண்டுபோன கதையைப் பாட்டி சொல்வார். சித்திரகுப்தன் ஏட்டில் பிழையில்லை, ஆளை எதிரே நிறுத்திய பிறகுதான் தவறு தெரிந்தது. இறைவனுக்குக் காண்பதும் அறிவதும் ஒன்றே, ஏடு வேண்டியதில்லை என்று நம்புகிறேன். அந்த முற்றறிவு நமக்கில்லை. நமக்கு ஏடும் வேண்டும், அதை மண்ணோடு ஒத்துப் பார்க்கும் கண்ணும் வேண்டும். திரையில் வந்ததே சத்தியம் என்று ஓர் அலுவலர் சொல்லும்போது, இறைவனுக்கு மட்டும் உரியதை இயந்திரத்துக்குக் கொடுத்துவிடுகிறார். இதை என்னால் ஏற்க முடியாது.

ஜமாபந்தி என்ற ஆண்டு வருவாய்த் தணிக்கையில் கிராமக் கணக்குகளோடு நில அளவைச் சங்கிலியையும் எடுத்துவைத்துச் சோதிக்கிறார்கள். அளக்கும் கருவியையே அளந்து பார்க்கும் அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன்.

அடுத்த ஜமாபந்திக்கு முன் உங்கள் சிட்டாவை இணையத்தில் எடுங்கள். தகப்பன் பெயரை மூலப்பத்திரத்தோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். மாறியிருந்தால் திருத்த மனுவை எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். புலத்துக்கு வந்து பார்க்கும்படி அந்த மனுவிலேயே கேளுங்கள்.