இருக்கும் இடத்துக்குக் கடன்

யாழ்ப்பாண நகரத்தில் குளிரூட்டிய கோப்பிக்கடை ஒன்றில் இருந்தபடி லண்டன் கொம்பனிக்குக் கணக்கெழுதும் பிள்ளைக்கு, அந்தக் கடை தெல்லிப்பழைச் சந்தியில் இருந்தாலும் பாலித் தீவில் இருந்தாலும் ஒன்றுதான் என்கிறார்கள். இணையமும் மின்சாரமும் வேண்டும். கடற்காற்று கிடைத்தால் இன்னும் நல்லது. இந்தப் பேச்சுக்குள் ஒரு தத்துவம் இருக்கிறது. மனிதன் என்றால் அவனுடைய மனமும் உழைப்பும்தான், உடம்பு எங்கே இருக்கிறது என்பது தற்செயல் என்பதே அது. சைவசித்தாந்தம் இதற்கு ஒத்துக்கொள்ளாது என்பது என் கட்சி. தனக்கென்று நிறமில்லாத பளிங்கு, பக்கத்தில் வைத்த பொருளின் நிறத்தைக் காட்டும். உயிரும் அப்படியே தான் சார்ந்ததன் வண்ணமாகும் என்று மெய்கண்டார் மரபு சொல்கிறது. அப்படியானால் எதைச் சார்ந்து இருக்கிறோம் என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் ஒன்றாக எண்ணிய சமயம், இடத்தைச் சும்மா சேர்க்கவில்லை.

மனமே கோயில் என்று வாழ்ந்த சித்தர்கள் இந்த மண்ணில்தானே இருந்தார்கள் என்று கேட்கலாம். இருந்தார்கள், ஆனால் இருந்த இடத்தை அவர்கள் விடவில்லை. செல்லப்பா சுவாமி நல்லூர்த் தேரடியில் கிடந்தார். கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் களஞ்சியக்காரராய் இருந்த யோகர் சுவாமி, உத்தியோகத்தை உதறிய பின் கொழும்புத்துறையில் ஓர் இலுப்பை மரத்தடியில் அமர்ந்து, அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். இறைவன் எங்கும் இருக்கிறான் என்று அறிந்தவர்கள் ஓரிடத்தில் ஊன்றி இருந்தார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இடம் புனிதம் என்று சொன்னவர்கள்தான் அந்த இடத்தின் வாசலையும் அடைத்தார்கள். தெல்லிப்பழைக்கு அடுத்த மாவிட்டபுரத்தில், 1968ஆம் ஆண்டு, ஒடுக்கப்பட்ட மக்கள் கந்தசுவாமி கோயிலுக்குள் போகக் கேட்டபோது, முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம் முன்னின்று மறித்தார். தேத்தண்ணிக்கடைகளிலும் இதே கதை: உள்ளே வாங்கில் இருந்து குடிக்க இடமில்லை, பேணியும் வேறு. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் நிலைமை தானாக மாறவில்லை. 1960களின் பிற்பகுதியில் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் அந்த வாங்குகளில் இருப்பதற்காக ஆட்கள் அடி வாங்கினார்கள். சங்கானை நிச்சாமத்தில் உயிரும் போனது. இந்த வரலாறு என் வாதத்தை உடைப்பதாக நான் நினைக்கவில்லை. வாசலை மறித்தவர்கள் இடத்தைத் தங்கள் உரிமை என்று எண்ணினார்கள். நான் சொல்வது இடத்துக்குப் பட்ட கடனை. ஒரு பிளேன் ரீயை வைத்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் மேசையைப் பிடித்திருப்பவரை இன்று எவரும் ஊரும் சாதியும் கேட்காதிருந்தால், அந்தச் சலுகைக்கான விலையை வேறு யாரோ முன்பே கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரரின் கணக்கைத் தீர்ப்பதால் அது தீராது.

கடனைத் தலமே அடைத்த உதாரணமும் இந்தக் குடாநாட்டிலேயே இருக்கிறது. ஆசிரியையாக இருந்த தங்கம்மா அப்பாக்குட்டி தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலின் பொறுப்பேற்று, ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தும் தலமாக அதை ஆக்கினார். 2008இல் அவர் மறைந்த பின்னும் ஊர் அவரை அதற்காகவே நினைக்கிறது. பூசையும் தொண்டும் ஒரே வேலியின் உள்ளே நடந்தன.

பிழைக்க வழியில்லாத பிள்ளைகளிடம் போய்த் தத்துவம் பேசலாமா? நியாயமான கேள்வி. நான் தொலைவேலைக்கு எதிரியல்லன். மலாயாவுக்கும் கொழும்புக்கும் ஆளை அனுப்பிவிட்டு மணியோடரை எதிர்பார்த்திருந்த குடாநாடு இது. பிறகு, 1990இல் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரோடு பெயர்க்கப்பட்டார்கள். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட காணிக்காகப் பலர் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். அவர்களிடம் எந்த இடமும் ஒன்றுதான் என்று சொல்லிப் பாருங்கள். அனுப்பியும் பெயர்ந்தும் ஆட்களை இழந்த இடத்தில், ஆளை அனுப்பாமல் சம்பளம் ஊருக்கு வருவது பெரிய காரியம். ஆனால் உடம்பு மட்டும் இங்கே இருக்கிறது, நாள் வேறெங்கோ விடிகிறது. மாரிகாலத்தில் லண்டனின் காலை ஒன்பது மணி நமக்குப் பிற்பகல் இரண்டரை. ரொறன்ரோவின் ஒன்பது மணி இரவு ஏழரை. ஊர் கூடும் நேரமெல்லாம் அதற்குள் போய்விடுகிறது.

ஆனால் உடம்பு இருக்கும் இடத்தின் நன்மை தீமை எல்லோருக்கும் பொது. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் பெரும்பாலும் ஒரே சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் நீரைத்தான் நம்பியிருக்கிறோம். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, எந்த நாட்டுக் கொம்பனியில் வேலை என்று பார்த்து அது கலக்கவில்லை. கிணற்றைப் பற்றியோ பள்ளிக்கூடத்தைப் பற்றியோ மாலையில் ஊரில் கூட்டம் என்றால், அந்த இரண்டு மணித்தியாலத்தை விட்டுத்தரும்படி முதலாளியிடம் கேளுங்கள். சம்பள உயர்வு கேட்கும் கடிதத்திலேயே இதையும் ஒரு வரி எழுதலாம்.